குடியரசுக்கு ஒரு வாயுறை வாழ்த்து

வாழ்த்து என்றால் அது செவிக்கு இனிக்க வேண்டும் என்பது இக்காலத்தார் கொள்கை. தொல்காப்பியனார்க்கு அக்கொள்கை இல்லை. செய்யுளியலில் வாயுறை வாழ்த்து என்னும் ஒன்றனைக் கூறி, அதற்கு வேம்பையும் கடுவையும் உவமை காட்டினார் அவர். நாவிற்குக் கைப்பன; பின்னர் உடற்கு உறுதி பயப்பன. அதனை அடுத்துச் செவியுறையையும் சொன்னார். சான்றோர் நடுவே செருக்கின்றி அடங்கி ஒழுகுதல் கடன் என்று ஒருவன் செவியிற் படும்படி உரைப்பது அது. திருக்குறளுக்கு வழங்கும் பெயர்களுள் வாயுறை வாழ்த்து என்பதும் ஒன்று. நம் முன்னோர் இக்கசப்பு மருந்தை எத்துணை உயர்வாகக் கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்விலக்கணத்தை மனத்திற் கொண்டு நான் ஈண்டு ஆராய எடுத்துக்கொள்வது ஒரு சொற்பொழிவை. 1949 நவம்பர் 25 அன்று, புதுதில்லியில், அரசியல் நிர்ணய சபையில், வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர் ஆங்கிலத்தில் ஆற்றிய நிறைவுரை அது. மறுநாள் சபை அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றது. இரண்டு திங்கள் கழித்து, 1950 சனவரி 26இல், குடியரசு பிறந்தது. வழக்கறிஞர்களும் அரசியல் பயில்வோரும் இவ்வுரையை நன்கறிவர். இலக்கியம் பயில்வோர் இதனைக் கையில் எடுப்பது அரிது. எட்மண்டு பர்க்கின் நாடாளுமன்றப் பேச்சுகளை ஆங்கில உரைநடைக்குப் பாடமாகக் கல்லூரியில் படித்தவர் நம்முள் பலர் உண்டு. நம் நாட்டு மன்றத்தில் எழுந்த பேச்சுக்கு மட்டும் ஏன் அந்த இடம் மறுக்கப்பட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

உரை நிகழ்ந்த சூழல் மகிழ்ச்சிச் சூழல். 1946 டிசம்பர் 9இல் முதன்முதல் கூடிய சபை, இரண்டு ஆண்டு, பதினொரு திங்கள், பதினேழு நாள் உழைத்திருந்தது. வரைவின்மேல் 7,635 திருத்தங்கள் குறிக்கப்பெற்று, அவற்றுள் 2,473 சபையில் கொண்டுவரப்பெற்றன. இறுதியில் எஞ்சிய நூல் 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் உடையது. இத்துணை பெரிய பணி முடிந்த நாளில் எவரும் எதிர்பார்ப்பது பாராட்டுரையே. வரைவுக் குழுவில் எழுவர் இருந்தும், ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்கா சென்றார், மற்றோர் பிற அலுவல்களில் இருந்தனர். ஆகவே சுமை முழுதும் அம்பேத்கர் ஒருவர்மேல் விழுந்தது என்று நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரிலேயே சபையில் எடுத்துரைத்திருந்தார். புகழை ஏற்றுக்கொள்ள எல்லா உரிமையும் உடையவராய் அம்பேத்கர் எழுந்து நின்றார்.

உரையின் முதற்பகுதி அவையடக்கம். தாழ்த்தப்பட்டோர் நலனைக் காப்பதற்காகவே சபைக்கு வந்ததாகவும், பெரிய பொறுப்பு எதனையும் எதிர்பார்த்து வரவில்லை என்றும் கூறுகிறார். புகழில் ஒரு பங்கைச் சபையின் அறிவுரையாளர் பி. என். ராவுக்கும், மற்றொரு பங்கைத் தலைமை வரைவாளர் எஸ். என். முகர்ஜிக்கும் பிரித்துக் கொடுக்கிறார். இடையறாது எதிர்வாதம் புரிந்த காமத், கே. டி. ஷா முதலியோரையும் மறவாமல், அவர்கள் இல்லையேல் சபை உப்புச்சப்பற்றுப் போயிருக்கும் என்ற கருத்தில் நன்றி கூறுகிறார். எதிர்த்தவர்க்கு நன்றி கூறும் அவையடக்கத்தை நம் காப்பியப் புலவர்களிடத்தும் நான் கண்டதில்லை.

அதன்பின் உரையின் நிறம் மாறுகிறது. கைப்பு தொடங்குகிறது.

இவ்வுரையின் இயல்பை அறியப் புறநானூற்றின் 35ஆம் பாட்டை அருகில் வைத்துப் படித்தல் வேண்டும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய அப்பாட்டின் துறை செவியறிவுறூஉ. அரசனுடைய குடை வெயிலை மறைப்பதற்கு அன்று, வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவதற்கே என்கிறார் புலவர். போர்க்களத்து வெற்றியும் உழுபடைச் சாலில் விளைந்த நெல்லின் பயனே என்கிறார். மழை பொய்த்தாலும், விளைவு குன்றினாலும், மக்களின் செயலில் இயல்பல்லாதன தோன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்றும் சொல்லி, உழுவார் பாரத்தைத் தாங்கி ஏனைக் குடிகளையும் காக்குமாறு அறிவுறுத்துகிறார்.

இங்கே ஒரு சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். மக்கள் தாமே செய்யும் முறைகேட்டுக்கும் பழி ஏற்பவன் அரசன். அறம் அவனிடத்தே வைக்கப்பட்டது; ஆதலின் பழியும் அவனிடத்தே சென்று சேர்ந்தது. நம் பழைய அரசியல் இலக்கியம் பெரும்பாலும் இவ்வடிவத்திலேயே இயங்குகிறது. திருக்குறளின் பொருட்பாலில் அரசியல் என்று உரையாசிரியர் வகுத்த இருபத்தைந்து அதிகாரங்களும் வேந்தன் ஒருவனை முன்னிறுத்தியே பேசுகின்றன. செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அவனுடையன. குடிகளோ காக்கப்படுவோர் அல்லது வருந்துவோர்.

அம்பேத்கர் உரையின் இறுதிப் பகுதியை இதனோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய மாற்றம் புலப்படும். விடுதலை பெற்றதால் நாம் இழந்தது ஒன்று உண்டு என்கிறார் அவர். எது கெட்டாலும் ஆங்கிலேயரைக் குறைகூறலாம் என்றிருந்த வசதி போயிற்று; இனிக் கெடுவனவற்றுக்கு நம்மையன்றிப் பிறரைக் குறைகூற வழியில்லை. நாகனார் பாட்டில் அரசன் தலைமேல் இருந்த பழி, 1949இல் குடிகளின் தலைமேல் இறக்கி வைக்கப்பட்டது. புலவர் அரசன் ஒருவன் செவியில் உரைத்த அறிவுரையை, இவர் முப்பது கோடிக்கு மேற்பட்ட அரசர்களுக்கு உரைக்க வேண்டியதாயிற்று. அவ்வரசர்களுள் மிகப் பலர்க்குத் தாம் அரசராகப் போகிறோம் என்பதே அன்று தெரியாது.

இம்மாற்றத்தின் பருமையை உணரக் குடி என்ற நம் சொல்லின் வரலாறே போதும். ஒழிபியலின் முதல் அதிகாரத்துக்குக் குடிமை என்று பெயர். அங்கே அச்சொல்லின் பொருள் உயர்குடியிற் பிறந்தாரின் தன்மை. பரிமேலழகர் அவ்வாறே விளக்குகிறார். பிறப்பினால் வருவதாகக் கருதப்பட்ட பெருமிதம் அது. இனி நம் ஊர்ப்புறத்துக்கு வருவோம். அங்கே குடிமகன் என்றால் யார்? ஊரார்க்கு மயிர் களையும் தொழிலாளி. குடிமக்கள் என்றால் வண்ணார் முதலாக ஊர்க்குப் பணி செய்யக் கடமைப்பட்டுக் களத்துமேட்டில் கூலியாக நெல் பெற்ற பிரிவினர். வீட்டின் முன்வாசலில் நுழைய அவர்களுக்கு உரிமை இல்லை. குடிமை மேட்டுக்குடியின் பிறப்புரிமையாகவும், குடிமகன் என்பது ஏவல் கேட்பவனின் பெயராகவும் ஒரே மொழியில், ஒரே வேரில், அருகருகே வாழ்ந்தன. (இன்று மதுப்பழக்கத்தைக் கேலி செய்யவும் அச்சொல்லைச் சிலேடையாக ஆள்கின்றனர், அது வேறு துயரம்.)

இருபதாம் நூற்றாண்டு இச்சொற்களை எடுத்துப் புடம் போட்டது. ருஷியப் புரட்சியைப் பாடிய பாரதியார் குடியரசு என்ற சொல்லை ஆண்டார். 1925இல் பெரியார் ஈரோட்டில் தொடங்கிய வார இதழுக்குக் ‘குடி அரசு’ என்றே பெயர். பின்னர் வந்த சட்டம் பண்ணையாரையும் அவர்க்கு மயிர் களைந்தவரையும் குடிமகன் என்ற ஒரே சொல்லால் அழைத்தது. இருவர்க்கும் ஒரே ஒரு வாக்கைக் கொடுத்தது. மேட்டுக்குடியின் குடிமையும் ஊர்த்தொழிலாளியின் குடிமகன் என்ற பெயரும் ஓர் ஆளிடத்தே வந்து கூடின. நம் மொழியில் நிகழ்ந்த புரட்சிகளுள் இதனைவிட ஆழமானது ஒன்று உண்டா என்பது ஐயமே. ஆயினும் இதனைக் குறித்து நம் புலவருலகம் அதிகம் எழுதவில்லை.

சொல் மாறியது, ஆள் மாறினானா? முதற் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோர் ஏறக்குறைய 17 கோடியே 30 இலட்சம் பேர். பட்டியல் எழுதச் சென்றவர்களிடம் வடமாநிலப் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே கூறினர். அயலாரிடம் பெயர் சொல்வது மரபன்று என்பது அவர்கள் கொள்கை. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவ்வாறு எழுதப்பட்ட பதிவுகளை ஏற்கவில்லை. ஏறக்குறைய 28 இலட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. சட்டம் அவர்களை அரசியராக்கியது. தம் பெயரைத் தாமே சொல்லும் துணிவைச் சட்டத்தால் தர இயலவில்லை. அம்பேத்கர் அஞ்சியது இத்தகைய இடைவெளியைத்தான். 1948 நவம்பர் 4இல் வரைவை முன்வைத்தபோதே, கிரேக்க வரலாறு எழுதிய குரோட்டின் துணைகொண்டு, அரசியலமைப்பு ஒழுக்கம் மனிதர்க்கு இயற்கையாய் அமைவது அன்று, பயிற்றி வளர்க்க வேண்டியது என்றார். இந்நாட்டு மண்ணின் இயல்பு மக்களாட்சிக்கு உரியது அன்று. நாம் இடுவது மேலுரமே என்னும் கருத்துப்பட ஓர் உழவர் வழக்கை அப்போது அவர் ஆண்டார். மேலுரம் ஒரு மழைக்குக் கரைந்துபோவதை அறியாத உழவர் உண்டோ?

இனி நிறைவுரையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். உரையின் நடுவில் அவர் வரலாற்றைப் புரட்டி, நாடு முன்பு விடுதலையை இழந்தது தன் மக்களுள் சிலர் செய்த காட்டிக்கொடுப்பால் என்று காட்டுகிறார். சிந்து நாட்டுத் தாகிரின் படைத்தலைவர்கள் தொடங்கிச் சான்றுகள் அடுக்கப்படுகின்றன. கேட்போரை உலுக்குவதற்கு இப்பகுதி ஏற்றதே. எனினும் உரையின் பிற்பகுதி நாட்டுவது வேறொன்று: கேடு சில தீயோரிடத்தில் இல்லை, எல்லாரும் நல்லவை என்று கருதி வாழும் வாழ்க்கை முறையிலேயே உள்ளது என்பது. முற்பகுதி துரோகியைத் தேடுகிறது. பிற்பகுதி கண்ணாடியைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தையல் சரியாகப் பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

மூன்று எச்சரிக்கைகள் உரையின் உயிர்நிலை. முதலாவது, அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும் காலத்தில் சட்டமறுப்பும் ஒத்துழையாமையும் சத்தியாக்கிரகமும் கைவிடப்பட வேண்டும் என்பது. அவையில் இருந்தோருள் எத்தனை பேர் இவ்வழிகளால் சிறை சென்றவர்கள்! 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தோரின் தலைமுறை அது. அவர்கள் நடுவே நின்று இதனைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். சொன்னவரும் அவ்வழியை அறியாதவர் அல்லர். 1927இல் மகாடு நகரத்துப் பொதுக்குளத்தில் நீர் மொள்ள மக்களைத் திரட்டிச் சென்றவர் அவரே. வேறு வழி அடைபட்ட காலத்துக்கு அது பொருந்தும், வழி திறந்தபின் பொருந்தாது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை நான் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். ஏட்டில் திறந்த வழி ஊரில் திறந்ததாக ஆகிவிடுமா? 15ஆம் உறுப்பு கிணறும் குளமும் கடையும் எல்லார்க்கும் பொது என்கிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் அக்கிணற்றில் கயிறிட்டவன் அடிபட்ட செய்திகளைக் குடியரசு பிறந்தபின்னும் படித்துக்கொண்டுதானே வந்தோம்? இவ்வினாவுக்கு விடை உரையின் வெளியே இல்லை, அதன் மூன்றாம் எச்சரிக்கையிலேயே இருக்கிறது. சமூக வாழ்வில் சமன்மை இல்லாவிடின், அதனால் துன்புறுவோர் இச்சபை கட்டிய அரசியல் கட்டடத்தையே தகர்ப்பர் என்று அவர் அங்கே கூறுகிறார். முதல் எச்சரிக்கை துன்புறுவோர்க்குப் பொறுமை சொல்கிறது. மூன்றாவது, துன்புறுத்துவோர்க்குத் தவணை குறிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்கள் தமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறுவதைக் காண்கிறோம்.

இரண்டாவது எச்சரிக்கை தனிமனித வழிபாட்டைப் பற்றியது. எத்துணைப் பெரிய தலைவரானாலும் அவர் காலடியில் தம் உரிமையை வைத்துவிடலாகாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கருத்தை எடுத்துக்காட்டி, சமயத்தில் பக்தி ஆன்மாவுக்கு வீடு தரக்கூடும், அரசியலில் அது கொடுங்கோன்மைக்கே வழி என்கிறார். பக்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சு நெகிழும். ஆழ்வாரும் நாயன்மாரும் நமக்கு அளித்த செல்வம் அது. அச்செல்வத்தைத் தவறான கோயிலில் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் யார் என்று பெயர் சொல்ல வேண்டுவதில்லை. வளைவுகளும் ஆளுயரப் படங்களும் நம் ஊர்களில் நின்ற அழகைக் கண்டவர்கள் நாம். மெய்க்கீர்த்தி இல்லாமல் கல்வெட்டுத் தொடங்காத மரபு நம் மரபு. இம்மலர் போன்ற மலர்களின் முதற்பக்கங்களில் அமைச்சர் பெருமக்களின் வாழ்த்துச் செய்திகள் அணிவகுப்பதும் அம்மரபின் தொடர்ச்சியே என்று நான் சொன்னால் பதிப்பாசிரியர் பொறுத்தருள்வாராக.

ஆயினும் இவ்விடத்தில் நம் இலக்கியம் அம்பேத்கர்க்குத் துணை நிற்கிறது. நம் சங்கங்களின் சுவர்களில் எல்லாம் கணியன் பூங்குன்றனாரின் பாட்டினது முதலடியைத் தீட்டி வைத்திருக்கிறோம். அயல்மண்ணில் வாழும் நமக்கு அவ்வடி மிகவும் வசதியானது. அப்பாட்டின் முடிபை யாரும் சுவரில் தீட்டக் கண்டதில்லை. மாட்சிமிக்கவரைக் கண்டு மலைத்து நிற்பதும் இல்லை, எளியவரை இழிவாக நோக்குதல் அதனினும் இல்லை என்பதன்றோ அம்முடிபு? உலகம் முழுவதும் நம் ஊர் என்ற தொடக்கத்துக்கு அம்முடிபே விலை. ஒரு மன்றத்தில் ஒருவனோடொருவன் சமனாக அமர்வதற்கு வேண்டிய மனநிலையை இத்துணைச் சுருக்கமாக வேறெவரும் சொல்லவில்லை. இதனாலேயே சங்கப் புலவர் குடியரசுக் கொள்கையினர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் காலத்து அரசு முடியரசு. அவர் சொன்னது ஊழையும் மனிதரையும் பற்றியது. ஔவையார் நிலத்தின் நன்மை அதில் வாழ்வோரின் நன்மையே என்று 187ஆம் பாட்டில் பாடியதும் அவ்வாறே. அரசனை மட்டும் நோக்கிய பெருவழக்கின் நடுவே ஓடிய மெல்லிய கிளையாறுகள் இவை.

முன்னோரிடத்தில் எல்லாம் இருந்தது என்று காட்டும் ஆர்வம் நம்மவரிடம் மிகுதி. உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத மலர் இல்லை. முதற் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுவது உண்மை. யாருக்கு அம்முறை? வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைப் பயிற்சியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும் உடைய பிராமண சபையோர்க்கு. குயவரும் உழவரும் பெண்டிரும் குடத்துள் புகவில்லை. வியப்பு யாதெனில், 1949 நவம்பர் 26இல் சபைத் தலைவர் இராசேந்திர பிரசாத்தும் சட்டமன்ற உறுப்பினர்க்குத் தகுதி வரையறுக்கப்படவில்லையே என்று வருந்தினார். அறிவும் ஒழுக்கமும் உள்ளோர் வந்தால் குறையுள்ள சட்டமும் நன்மை பயக்கும் என்பது அவர் கருத்து. நல்ல கருத்தே. ஆனால் ஒழுக்கத்தை அளக்கக் கோல் எது? உத்தரமேரூரார் நிலத்தைக் கோலாகக் கொண்டனர். நம் சபை அக்கோல்களை எல்லாம் ஒடித்துப் போட்டு, அகவை 21 நிறைந்த அனைவரையும் நம்பியது. 1989இல் அது 18 ஆயிற்று. அந்தக் கல்வெட்டில் நான் போற்றுவது வேறொரு விதியை: வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதி இழந்தனர். கணக்குக் காட்டாதவன் திரும்ப நிற்கக்கூடாது என்ற அந்த ஒரு வரியை நம் சங்கங்களின் பொதுக்குழுவுக்கேனும் கொண்டுவரலாம்.

1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆம் திருத்தம் குடிமக்களின் கடமைகள் பத்தினைச் சட்டத்தில் சேர்த்தது; 2002இல் பதினொன்றாயின. பேசும் உரிமை கட்டுண்டு கிடந்த வேளையில் கடமைப் பட்டியல் வந்தது. அறத்தைப் பட்டியலால் ஊட்டலாம் என்ற எண்ணம் அம்பேத்கர்க்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் நாடியது வேறொரு சொல்லை.

அச்சொல் உடன்பிறப்புணர்வு. 1946 டிசம்பரில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் அச்சொல் இல்லை. முகவுரையில் அதனைச் சேர்த்தது வரைவுக் குழு. வரைவு சபைத் தலைவரிடம் அளிக்கப்பட்ட நாள் 1948 பிப்ரவரி 21. காந்தியடிகள் கொல்லப்பட்டு மூன்று வாரங்களே ஆகியிருந்தன. விடுதலையும் சமன்மையும் வழக்குமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்கவை. உடன்பிறப்புணர்வுக்கு எந்த மன்றத்தில் வழக்கிடுவது? நிறைவுரையில் அவர் இம்மூன்றையும் ஒன்றைவிட்டு ஒன்று வாழாத மும்மையாகக் காட்டி, சாதிகள் தேசத்துக்கு எதிரானவை என்று கூறும் இடமே உரையின் கொடுமுடி. மூன்றாம் எச்சரிக்கையும் இதுவே. அரசியலில் ஒருவர்க்கு ஒரு வாக்கு, வாழ்வில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு சனவரி 26இல் நுழையப் போகிறோம் என்று அவர் நாள் குறித்துச் சொன்னார். விழா நாளையே கேட்டின் தொடக்க நாளாகவும் காட்டிய வேறு வாழ்த்துரை எனக்குத் தெரியாது.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இப்பகுதி தனிப்பட்ட முறையில் உறைக்க வேண்டும். அமெரிக்காவில் குடியுரிமை இரண்டு, ஒன்றியத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. தன் மாநிலத்தார்க்குச் சலுகை காட்ட அங்கே இடம் உண்டு. இந்தியாவுக்கு ஒரே குடியுரிமைதான் என்று அம்பேத்கர் 1948 உரையில் விளக்கினார். எப்பகுதிக்கும் செல்லவும் குடியேறவும் 19ஆம் உறுப்பு உரிமை தந்தது. தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலியாரும், தில்லியில் கோப்பெழுத வந்த தஞ்சாவூராரும் அவ்வுறுப்பின் நிழலில் வாழ்ந்தவர்களே. நிழல் எப்போதும் போதவில்லை. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியையும், 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலால் பெங்களூரில் நேர்ந்த வன்முறையையும் நம் குடும்பங்கள் மறக்கவில்லை. அந்நாட்களில் நமக்கு வேண்டியிருந்தது அடுத்த வீட்டார் கதவைத் திறப்பாரா என்பது ஒன்றே. திறந்தவர்கள் இருந்தனர், அவர்கள் எந்தச் சட்ட உறுப்பையும் படித்தவர்கள் அல்லர்.

அந்த உணர்வைப் பிறரிடம் எதிர்பார்க்கும் நாம் நம்முள் அதனை எவ்வளவு வைத்திருக்கிறோம்? பல ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு நகரம் ஒன்றில் பொங்கல் விழா. பட்டிமன்றம் முடிந்து இலை போட்டார்கள். எங்களுக்குப் பின் மண்டபத்தைக் கூட்ட நின்ற அம்மாளிடம் வீட்டு நினைவின்றி இந்தியில் ஏதோ கேட்டேன். அவர் தூய தென்னார்க்காட்டுத் தமிழில், “ஐயா, நான் நம்ம பக்கந்தான், பதினாறு வருசமா இங்கதான் கூட்டுறேன்” என்றார். பதினாறு ஆண்டும் நாங்கள் மேடையில் பூங்குன்றனாரைப் பற்றிப் பேசியிருந்தோம். உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை; அவர் குடியிருப்பிலிருந்து ஒருவர் பெயரும் இல்லை. விதிகளில் தடை எதுவும் கிடையாது. சந்தா சிறிது, முன்மொழிய ஓர் உறுப்பினர் போதும். முன்மொழிய எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை எழுதியே ஆக வேண்டும். அம்பேத்கரின் உரையை நான் முதன்முறை முழுமையாகப் படித்தது அதற்குப் பின்னரே. ஆகவே அதன் கைப்பை நடுநிலையோடு சுவைத்ததாகச் சொல்லிக்கொள்ள இயலாது.

நாகனார் பாட்டின் கொளு, அவர் பாடியதன் பயனாய்ப் பழஞ்செய்க்கடன் வீடு பெற்றார் என்று குறிக்கிறது. உழவரின் நிலுவை அன்றே தள்ளுபடியாயிற்று. ஓர் அரசன் செவியில் விழுந்த சொல்லுக்கு அவ்வளவு விரைவில் பயன் விளையும். அம்பேத்கர் 1951 செப்டம்பரில், பெண்டிர்க்குச் சொத்தும் மணவிலக்கும் உரிமையாக்கும் இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாததைக் கண்டு, அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1952இல் வடபம்பாய்த் தொகுதியில் போட்டியிட்டு, தாம் வாக்குரிமை வகுத்துக் கொடுத்த மக்களின் வாக்காலேயே தோற்றார். அம்மசோதா பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, மணச்சட்டம் 1955இலும் மரபுரிமைச் சட்டம் 1956இலும் நிறைவேறின. அவ்வாண்டு டிசம்பர் 6இல் அவர் மறைந்தார்.